ஆள் இல்லாத நேரத்தில் ஆப்ட்: லேப் மெஷின்களில் சத்தமில்லாமல் பேக்கேஜ் ஏற்றுவது

கல்லூரி லேப்பில் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவனுக்கு 'இப்போது செய்யலாம்' என்று ஒரு நேரம் அமைவதே இல்லை. காலையில் வகுப்பு, மதியம் பிராக்டிகல், மாலை ஆனால் அட்டெண்டர் வந்து மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார். இதற்கு நடுவில்தான் புதிய பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) ஏற்ற வேண்டும், பழையதை அப்டேட் செய்ய வேண்டும். மாணவர் பைத்தான் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வேலை முடிய வேண்டும். மெஷின் மந்தமாகக் கூடாது, நடுவில் எதுவும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. எங்கள் லேப் முழுக்க உபுண்டு லினக்ஸ், சர்வர்களில் டெபியன் லினக்ஸ். அதனால் நான் எழுதுவது பெரும்பாலும், இவ்விரண்டிலும் பேக்கேஜ் ஏற்ற உதவும் ஆப்ட் பற்றியே.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்வது -ஒய் என்ற ஆப்ஷன். 'ஆப்ட்-கெட் -ஒய் இன்ஸ்டால்' என்று போட்டால் எதுவும் கேட்காது என்று நம்பிக்கை. கேட்கும். -ஒய் பதில் சொல்வது ஆப்ட் தானாகக் கேட்கும் 'தொடரலாமா?' என்ற ஒரே கேள்விக்கு மட்டும்தான். அதற்குக் கீழே இன்னும் மூன்று பேர் கேள்வியோடு காத்திருக்கிறார்கள். யார் எதைக் கேட்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் ஆள் டெப்கான்ஃப். பேக்கேஜ் தன்னை அமைத்துக்கொள்ள வேண்டிய விவரங்களை நீலத் திரையில் கட்டம் போட்டுக் கேட்பது இதுதான். போஸ்ட்ஃபிக்ஸ் போட்டால் எந்த வகை மெயில் சர்வர் என்று கேட்கும், டிஸ்ப்ளே மேனேஜர் இரண்டு இருந்தால் எது வேண்டும் என்று கேட்கும். இதை அடக்க டெபியன்_ஃப்ரன்ட்எண்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை நான்இன்டராக்டிவ் என்று வைக்க வேண்டும். அதை எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ரூட் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சூடோவுக்கு முன்னால் எழுதினால், சூடோ வழக்கமாகச் செய்வதுபோல என்விரான்மென்ட்டைத் துடைத்துவிட்டு உள்ளே போகும். வேரியபிள் ஆப்ட்டைப் போய்ச் சேராது. 'சூடோ டெபியன்_ஃப்ரன்ட்எண்ட்=நான்இன்டராக்டிவ் ஆப்ட்-கெட் -ஒய் இன்ஸ்டால்' என்று சூடோவுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

இரண்டாவது ஆள் டிபிகேஜி, ஆப்ட்டுக்கு அடியில் இருந்து பேக்கேஜை உண்மையில் ஏற்றும் கருவி. நீங்கள் கை வைத்த ஒரு கன்ஃபிக் ஃபைலுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால், பழையதையே வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா, வித்தியாசம் காட்டவா என்று கேட்கும். எங்கள் சர்வரில் இப்படி அடிக்கடி எட்டிப்பார்ப்பது /எட்ஸி/எஞ்ஜின்எக்ஸ்/எஞ்ஜின்எக்ஸ்.கான்ஃப். இந்தக் கேள்வி டெப்கான்ஃப் வழியாக வருவதில்லை, அதனால் மேலே சொன்ன வேரியபிள் இதைத் தொடவே தொடாது. ஸ்கிரிப்ட்டில் ஓடும்போது பதில் சொல்ல ஆளில்லை என்றால் 'ஸ்டாண்டர்ட் இன்புட் முடிந்துவிட்டது' என்று எரர் கொடுத்து, அந்தப் பேக்கேஜைப் பாதி அமைத்த நிலையில் விட்டுவிடும். இதற்கு -ஓ போட்டு டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::=--ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், இன்னொரு -ஓ போட்டு அதேபோல --ஃபோர்ஸ்-கான்ஃபோல்ட் என்று இரண்டையும் கொடுக்க வேண்டும். முதலாவது, இயல்பான விடை ஒன்று இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படி ஒன்று இல்லாத இடத்தில் பழைய ஃபைலை வைத்துக்கொள் என்கிறது இரண்டாவது. புதிய ஃபைல் காணாமல் போய்விடாது. அதே இடத்தில் .டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு உட்கார்ந்திருக்கும். மாதம் ஒருமுறை /எட்ஸி முழுக்க அந்த வால் உள்ள ஃபைல்களைத் தேடி, வித்தியாசம் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொள்வது என் வழக்கம். அதைச் செய்யாவிட்டால், ஓரிரு வருடம் கழித்து வரும் பெரிய அப்கிரேடில் எல்லாம் சேர்த்து வைத்துத் தலையில் விழும்.

மூன்றாவது ஆள் நீட்ரீஸ்டார்ட். உபுண்டு 22.04 சர்வர் வந்த புதிதில் எல்லோரையும் எரிச்சலூட்டியது இதுதான். லைப்ரரி அப்டேட் ஆனவுடன், எந்தெந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டி நிற்கும். நீட்ரீஸ்டார்ட்_மோட் என்ற வேரியபிளை ஏ என்று வைத்தால் தானே ரீஸ்டார்ட் செய்துவிடும், எல் என்றால் பட்டியல் மட்டும் தரும். லேப் மெஷினுக்கு ஏ சரி. டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் நான் எல் தான் வைப்பேன்; பகல் நேரத்தில் அது தன்னிச்சையாக ஏறி இறங்கினால் ஃபோன் எனக்குத்தானே வரும்.

இவ்வளவு பேரையும் வாயடைத்தாயிற்று. இப்போது இதன் மறுபக்கம்: கேள்வி கேட்கவில்லை என்றால் விடை இல்லை என்று பொருள் அல்ல. பேக்கேஜை உருவாக்கியவர் வைத்த இயல்பான விடையை அது எடுத்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். அந்த விடை உங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

நெட்வொர்க் பிராக்டிகலுக்கு வயர்ஷார்க் ஏற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். லாக் சுத்தம், எக்ஸிட் கோட் பூஜ்யம் (பிழை இல்லை என்று பொருள்), எல்லா மெஷினிலும் ஐகான் வந்துவிடும். வகுப்பு தொடங்கியதும் "சார், இன்டர்ஃபேஸே காட்ட மாட்டேங்குது சார்" என்று குரல் வரும். வயர்ஷார்க்-காமன் பேக்கேஜ் ஏற்றும்போது, ரூட் அல்லாதவர்களும் பேக்கெட் பிடிக்கலாமா என்று ஒரு கேள்வி உண்டு. அதன் இயல்பான விடை 'வேண்டாம்'. பாதுகாப்பு என்று பார்த்தால் அது நியாயம்தான், ஆனால் லேப்பில் அந்தப் பேக்கேஜை ஏற்றுவதே மாணவர்கள் பேக்கெட் பிடிக்கத்தான். எனவே ஏற்றுவதற்கு முன்பே டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் என்ற கருவிக்கு ஒரு வரி ஊட்டிவிட வேண்டும்: பேக்கேஜ் பெயர் வயர்ஷார்க்-காமன், கேள்வியின் பெயர் வயர்ஷார்க்-காமன்/இன்ஸ்டால்-செட்யூஐடி, வகை பூலியன், விடை ட்ரூ. அப்புறம் மாணவர்களின் யூசரை வயர்ஷார்க் குரூப்பில் சேர்க்க வேண்டும். அதன் பிறகு அவர்கள் ஒருமுறை லாக்அவுட் செய்து வர வேண்டும். ஏற்கனவே ஏற்றியாகிவிட்டது என்றால் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் வயர்ஷார்க்-காமன்.

இந்தக் கேள்விகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு மெஷினில் கையால் ஏற்றி, கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, டெப்கான்ஃப்-யூட்டில்ஸ் பேக்கேஜில் உள்ள டெப்கான்ஃப்-கெட்-செலக்ஷன்ஸ் கட்டளையை ஓட்டினால், அந்த மெஷினில் சொன்ன விடைகள் எல்லாம் அப்படியே வரிசையாக வந்துவிடும். வேண்டியதை க்ரெப் செய்து எடுத்து மற்ற மெஷின்களுக்கு ஊட்டலாம். எந்தப் பேக்கேஜாக இருந்தாலும் முதல் மெஷினில் நான் சத்தத்தோடுதான் ஏற்றுவேன். மௌனம் எல்லாம் இரண்டாவது மெஷினிலிருந்துதான்.

நேர மண்டல விவரங்களைத் தரும் டிஇசட்டேட்டாவும் இதே ரகம். கன்டெய்னரிலோ மிகச் சிறிய சர்வர் இமேஜிலோ அதை நான்இன்டராக்டிவ் ஆக ஏற்றினால் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று அமைந்துவிடும். இரவு 2 மணிக்கு என்று நினைத்து வைத்த கிரான் வேலை (நேரம் குறித்து ஓட்டுவது) நம் ஊர் நேரப்படி காலை 7.30க்கு ஓடும். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களைத் தரும் எம்எஸ்கோர்ஃபான்ட்ஸ் பேக்கேஜ் இன்னும் கறார்: உரிம ஒப்பந்தத்தைக் காட்ட முடியவில்லை என்று சொல்லி இன்ஸ்டாலையே நிறுத்திவிடும். அதற்கும் முன்கூட்டியே 'ஏற்கிறேன்' என்று ஊட்டி வைக்க வேண்டும்.

-ஒய்க்கே திரும்புகிறேன், அதில் இன்னொரு வம்பு இருக்கிறது. ஒரு பேக்கேஜை ஏற்ற இன்னொன்றை நீக்க வேண்டியிருந்தால் அதற்கும் -ஒய் தலையாட்டிவிடும். சிஸ்டத்துக்கு இன்றியமையாதது என்று குறிக்கப்பட்டதையோ ஹோல்ட் செய்து பூட்டி வைத்ததையோ நீக்கப் போனால்தான் நிற்கும். ஒரு வெளி ரெப்போவை (பேக்கேஜ் களஞ்சியத்தை) சேர்த்த மெஷினில் இது டெஸ்க்டாப்பின் பாதியையே தூக்கிக்கொண்டு போகலாம். ஆள் இல்லாமல் ஓடும் எந்த ஸ்கிரிப்ட்டிலும் --நோ-ரிமூவ் சேர்த்துவிடுங்கள். எதையாவது நீக்க நேர்ந்தால் அந்த இடத்திலேயே வேலையைக் கைவிட்டுவிடும். முன்கூட்டியே பார்க்க வேண்டுமானால் -எஸ் போட்டு ஒத்திகை பார்க்கலாம்.

-க்யூ, -க்யூக்யூ இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றை -க்யூ போட்டால் ஏறி ஏறி வரும் சதவீதக் கணக்கு மறையும். லாக் ஃபைலுக்கு அது நல்லது. இரட்டை -க்யூ போட்டால் -ஒய்யையும் அது தானே சேர்த்துக்கொள்ளும், இது பலருக்குத் தெரியாது. ஆப்ட்-கெட்டின் மேன் பக்கமே அதைத் தனியாகப் போடாதே என்று எச்சரிக்கிறது. அப்படியே போட்டாலும் டிபிகேஜி எழுதும் 'அன்பேக்கிங்', 'செட்டிங் அப்' வரிகள் வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றை, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் /டெவ்/நல்லுக்கு அனுப்பிவிடுவார்கள் சிலர். எனக்கு அது பிடிக்காது. ஸ்கிரீன் அமைதியாக இருந்தால் போதும், லாக் நன்றாகப் பேசட்டும். ஆப்ட் தன் பங்குக்கு /வார்/லாக்/ஆப்ட் அடியில் ஹிஸ்டரி.லாக், டெர்ம்.லாக் என்று இரண்டு வைத்திருக்கிறது. எது எப்போது ஏறியது என்பதற்கு முதலாவது, டிபிகேஜி சொன்ன வார்த்தைகள் அப்படியே வேண்டுமென்றால் இரண்டாவது. ஆனால் டவுன்லோடில் வந்த எரர் இவற்றில் வராது. அதற்கு நம் லாக்தான் கதி.

திரையிலும் ஃபைலிலும் ஒருசேர எழுத லாக்கை டீ கட்டளைக்குப் பைப் செய்கிறவர்கள் கவனிக்க: அப்போது ஸ்கிரிப்ட்டுக்குக் கிடைக்கும் எக்ஸிட் கோட் டீயினுடையது, ஆப்ட்டினுடையது அல்ல. ஆப்ட் 100 என்று கதறினாலும் ஸ்கிரிப்ட் 'வெற்றி' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பாஷில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' என்ற வரி மேலே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆப்ட்-கெட் அப்டேட்டும் இதே மாதிரி ஏமாற்றும். ரெப்போ கிடைக்காவிட்டால் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் எழுதிவிட்டு, பழைய பட்டியலையே வைத்துக்கொண்டு, பூஜ்யத்தோடு முடித்துவிடும். புதிய பதிப்புகளில் --எரர்-ஆன்=எனி சேர்த்தால் எந்தப் பிழை வந்தாலும் தோல்வி என்றே சொல்லும்.

சரி, பின்னணிக்கு அனுப்புவது எப்படி? கட்டளையின் கடைசியில் & போடுவது எல்லோருக்கும் தெரிந்த வழி, எல்லோரையும் கைவிடும் வழியும் அதுதான். பின்னணியில் ஓடும் ஒன்று டெர்மினலிலிருந்து எதையாவது படிக்க முயன்றால் கெர்னல் அதை அப்படியே உறைய வைத்துவிடும். சூடோ பாஸ்வேர்டு கேட்டாலே போதும். ஜாப்ஸ் என்று அடித்துப் பார்த்தால் 'ஸ்டாப்டு' என்று இருக்கும். நீங்களோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து டீ குடிக்கப் போயிருப்பீர்கள். நோஹப் சேர்த்தால், தொலைவிலிருந்து இணைந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் துண்டித்தாலும் சாகாது. டீமக்ஸ் இன்னும் வசதி, திரும்ப வந்து ஒட்டிக்கொண்டு பார்க்கலாம். உபுண்டுவின் டூ-ரிலீஸ்-அப்கிரேடே எஸ்எஸ்ஹெச் வழியாக ஓட்டினால் தன்னை ஒரு ஸ்கிரீன் செஷனுக்குள் வைத்துக்கொள்கிறது; முன்ஜாக்கிரதையாக 1022 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்ஹெச் கதவையும் திறந்து வைக்கிறது. அதை எழுதியவர்கள் நிறைய அடிபட்டிருப்பார்கள் போல.

நான் இப்போது நிலையாகப் பயன்படுத்துவது சிஸ்டம்டி-ரன். --யூனிட்=லேப்-இன்ஸ்டால் என்று ஒரு பெயர், --செட்என்வ் வழியாக மேலே சொன்ன வேரியபிள்கள், கடைசியில் ஆப்ட்-கெட் கட்டளை. இது நம் செஷனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஒரு சர்வீஸாக ஓடும். டெர்மினலை மூடினாலும் ஓடும், இன்புட்டை /டெவ்/நல்லோடு கட்டிவிடுவதால் எதையும் படிக்கக் காத்திருக்காது, சொல்வதெல்லாம் சிஸ்டத்தின் லாக்கான ஜர்னலுக்குப் போகும். ஜர்னல்சிடிஎல் -யூ லேப்-இன்ஸ்டால் -எஃப் என்று எங்கிருந்தும் பார்க்கலாம். தோற்றால் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு பட்டியலில் பெயர் நிற்கும். மெஷின் மந்தமாகாமல் இருக்க -பி நைஸ்=19 என்றும் அங்கேயே சேர்க்கலாம். டிஸ்க்குக்கு ஐஓஷெட்யூலிங்கிளாஸ்=ஐடில் உண்டு; ஆனால் டிஸ்க்கின் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் பிஎஃப்க்யூ ஆக இருந்தால்தான் அது உருப்படியாக வேலை செய்யும். ஷெட்யூலர் 'நன்' என்று இருக்கும் என்விஎம்இ டிஸ்க்கில் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

லேப் மெஷின்களில் காலை நேரத்தில் வரும் புகார், டிபிகேஜியின் பூட்டு கிடைக்கவில்லை, தானாக அப்டேட் செய்யும் அன்அட்டெண்டட்-அப்கிரேட் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது. காரணம் எளிது. ஆப்ட்-டெய்லி, ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் என்று இரண்டு டைமர்கள் இருக்கின்றன. மெஷின் அணைந்திருந்த நேரத்தில் அவற்றின் முறை தவறிப்போனால் மெஷின் போட்டவுடன் கிளம்பிவிடும். லேப்பில் எல்லா மெஷினும் காலை ஒரே நேரத்தில் உயிர்பெறுகின்றன, எல்லாவற்றிலும் ஒரே கூத்து. வலைத்தளங்களில் கிடைக்கும் வைத்தியம் அந்தப் பூட்டு ஃபைலை அழித்துவிடு என்பது. செய்யாதீர்கள். அந்த ஃபைல் எப்போதும் அங்கேதான் இருக்கும். பூட்டு ஃபைலில் இல்லை, அதன்மேல் ஒரு புராசஸ் கெர்னலிடம் வாங்கி வைத்திருக்கும் உரிமையில் இருக்கிறது. ஃபைலை அழித்தால் பூட்டு திறக்காது. இரண்டு டிபிகேஜி ஒரே நேரத்தில் ஒரே டேட்டாபேஸில் எழுத வழி கிடைக்கும், அவ்வளவே. -ஓ டிபிகேஜி::லாக்::டைம்அவுட்=600 என்று கொடுத்தால் ஆப்ட்-கெட் பத்து நிமிடம் வரை பொறுமையாகக் காத்திருக்கும். உபுண்டு 20.04 முதல் இது உண்டு.

ஆனால் எங்கள் லேப்பில் உண்மையான நிம்மதியைத் தந்தது இந்த ஆப்ஷன்கள் எதுவும் இல்லை. டவுன்லோடையும் இன்ஸ்டாலையும் பிரித்ததுதான். -டி போட்டால் ஆப்ட் பேக்கேஜ்களை இறக்கி /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸில் வைத்துவிட்டு நின்றுவிடும். நேரம் தின்பதும், நெட் போனால் அறுந்துபோவதும் இந்தப் பகுதிதான். இது பாதியில் நின்றால் ஒன்றும் குடிமுழுகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆபத்து இரண்டாவது பாதியில் இருக்கிறது: டிபிகேஜி ஓடும்போது கரன்ட் போனால் அடுத்தமுறை 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ ஓட்டு' என்ற செய்திதான் வரவேற்கும். எனவே பகல் முழுக்க, அக்வையர்::ஹெச்டிடிபி::டிஎல்-லிமிட் வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தி மெதுவாக இறக்கிவிடுகிறோம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இன்ஸ்டால் மட்டும். அட்டெண்டர் அண்ணனிடம் "அரை மணி நேரம் மெயின்ல கை வைக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டால் போதும். லேப் சர்வரில், ஒருமுறை இறக்கியதைச் சேமித்து எல்லோருக்கும் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி வைத்து, எல்லா மெஷினின் ப்ராக்ஸியையும் அதன் 3142 போர்ட்டுக்குத் திருப்பிய பிறகு ஒரே ஃபைலை எல்லா மெஷினும் தனித்தனியாக வெளியிலிருந்து இழுப்பதும் நின்றது. ஒரு சின்னக் குறை: உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸை ஆப்ட் வழியாகக் கேட்டாலும் வருவது ஸ்நாப் என்ற வேறு வகைப் பேக்கேஜ். அது இந்தக் கேஷுக்கு வராது, நேரே ஸ்நாப் ஸ்டோருக்குப் போகும்.

நிறைய மெஷின்கள் இருந்தால், அவற்றை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆன்சிபிள் பக்கம் போய்விடுங்கள். அதன் ஆப்ட் மாட்யூல் கான்ஃப்டெஃப், கான்ஃபோல்ட் இரண்டையும் தானாகவே சேர்த்துக்கொள்கிறது, பூட்டுக்காகக் காத்திருக்கவும் தெரியும். ஃபெடோரா குடும்பத்தில் இவ்வளவு பாடு கிடையாது. அங்கே டிபிகேஜியின் இடத்தில் இருக்கும் ஆர்பிஎம் ஏற்றும்போது கேள்வியே கேட்காது, புதிய கன்ஃபிக் பெரும்பாலும் .ஆர்பிஎம்நியூ என்று பக்கத்தில் வந்து உட்காரும். ஆப்ட்டுக்குப் பதிலாக டிஎன்எஃப் -ஒய் போதும். ஓப்பன்சூசேவில் --நான்-இன்டராக்டிவ், அதன் பேக்கேஜ் கட்டளையான ஜிப்பருக்கு அடுத்து உடனே வர வேண்டும். ஆர்ச்சில் --நோகன்ஃபர்ம் உண்டுதான், ஆனால் ஆர்ச்சை ஆள் இல்லாமல் அப்டேட் செய்பவரின் துணிச்சல் எனக்கு இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, பின்னணியில் நான் ஒருபோதும் விடாத ஒன்றையும் சொல்ல வேண்டும்: பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் மெஷின்களில், மெஷினைக் கிளப்பும் பூட் லோடரான க்ரப்-பிசி. எந்த டிஸ்க்கில் பூட் லோடரை எழுத வேண்டும் என்பதை அது டிஸ்க்கின் அடையாள எண்ணோடு நினைவில் வைத்திருக்கிறது. லேப் மெஷின்கள் பெரும்பாலும் ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்யப்பட்டவை. அந்த எண் மூல மெஷினின் டிஸ்க்குடையது, இங்கே அப்படி ஒரு டிஸ்க் இருக்காது. 2020 ஜூலையில் பூட்ஹோல் பாதுகாப்பு ஓட்டைக்காக க்ரப் அப்டேட் வந்தபோது, இப்படித் தவறான டிஸ்க் பதிவாகியிருந்த மெஷின்களில் ஃபைல்கள் புதிதாகின, டிஸ்க்கின் தலைப்பகுதியில் இருந்த லோடர் பழையதாகவே நின்றது. ரீஸ்டார்ட் செய்ததும் 'க்ரப்_காலாக் என்ற சிம்பல் காணவில்லை' என்று க்ரப் ரெஸ்க்யூவில் போய் நின்றன. ஆப்ட்-மார்க் ஹோல்ட் க்ரப்-பிசி என்று அதைப் பூட்டிவைத்துவிடுகிறேன். அப்டேட் வந்தால் விடுமுறை நாளில் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் க்ரப்-பிசி ஓட்டி, ஒவ்வொரு மெஷினிலும் சரியான டிஸ்க்கைக் கையால் டிக் செய்து, ஒருமுறை ரீபூட் செய்து பார்த்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போவேன். யூஇஎஃப்ஐயில் ஓடும் புது மெஷின்களில் இருப்பது க்ரப்-இஎஃப்ஐ. அவற்றை மற்ற பேக்கேஜ்களோடு சேர்த்தே விட்டுவிடுகிறேன்.